அண்ணனின் இரண்டாவது ஹெல்மெட்

எங்கள் அண்ணனை எங்களுக்குத் தந்து, தமக்கு ஏற்ற நேரத்தில் திரும்ப அழைத்துக்கொண்ட ஆண்டவருக்கு முதலில் நன்றி. அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த வேளையில், யாரையும் அழவைக்காமல் எழுத வேண்டும் என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணனைப் பற்றி எழுதும்போது அது ஒன்றும் கடினமான கட்டளை இல்லை.

அண்ணன் பிறந்தது கமுந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டில். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவோடு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனார். ஒருமுறை அவர் பாலில் தண்ணீர் கலந்துவிட்டார் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். அண்ணன் வெட்டிய மரங்கள் பள்ளத்தில் அடர்ந்து நின்றவை. மழை விட்ட பிறகும் அங்கே இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டியது மரத்தில் கட்டிய பால் கோப்பையில் விழுந்துவிட்டது. மண்டோர் சாலையை விட்டு இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். அதற்காக அண்ணன் அவரை ஒருநாளும் திட்டியதில்லை. “மரத்துக்கிட்ட வந்து பாத்திருக்கலாம்” என்பார், அவ்வளவுதான்.

தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போவுக்கு வந்தோம். அண்ணன் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தங்கைகளான எங்களைக் கரைசேர்த்து, பிறகுதான் தமக்கென்று குனோங் ராபாட்டில் ஒரு வீடு வாங்கினார். சபையில் மூப்பராகவும் ஆனார். மூப்பரானால் புகார்கள் வீடு தேடி வரும். யார் பிள்ளை யாரோடு சுற்றுகிறது, யார் பிரசங்க நேரத்தில் கைப்பேசியை நோண்டினார் என்று ஒவ்வொன்றாக வரும். அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு மோட்டார் சைக்கிளில் தொங்கும் இரண்டாவது ஹெல்மெட்டை எடுத்து நீட்டுவார்.

“வாங்க, அவங்க வீட்டுக்கே போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவோம்லா.”

பலருக்கு அப்போதுதான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வரும். துணிந்து ஏறியவர்களுக்கு, லாரிகளுக்கு நடுவே அண்ணன் வண்டியை நுழைக்கிற விதமே ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் தாய்மாமா துணிந்து ஏறியவர்களில் ஒருவர். அண்ணனைவிடச் சில வயதே மூத்தவர். சபையில் எல்லோரும் பயப்படுகிற மூப்பர். ஆராதனையில் டோலக் வாசித்துவந்த சகோதரர் ஜோசப், மனைவி இறந்தபின் ஆலயத்துக்கு வருவதில்லை, குடிக்கிறார், அவர் பெயரை நீக்க வேண்டும் என்று மாமா சபைக் குழுவில் பேசினார். நீக்கிவிட்டால், அடுத்த மாதம் நடக்க இருந்த ஜோசப்பின் மகள் திருமணத்துக்கு ஆலயக் கதவு திறக்காது. அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. முடிவை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, மாமாவிடம் ஹெல்மெட்டை நீட்டினார்.

அதன்பின் நடந்ததை மாமாவே எங்களிடம் சொல்லியிருக்கிறார். புந்தோங்கில் ஜோசப்பின் தெருமுனையை எட்டியதுமே அண்ணன் ஹார்னை நீளமாக அடித்தாராம். குற்றவாளியை எதற்கு எச்சரிக்கிறாய் என்று மாமா கோபித்துக்கொண்டார்.

“பாட்டில எடுத்து ஒளிச்சு வைக்க அவருக்கும் கொஞ்சம் நேரம் வேணும் மாமா. நம்ம வீட்டுக்கு யாராச்சும் இப்படி வந்தா, நமக்கும் வேணும்ல?”

ஜோசப் எதையும் ஒளித்து வைக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். “ஆமாங்க ஐயா, குடிக்கிறேன். ஞாயித்துக்கெழம அவ உக்கார்ற பெஞ்சைப் பாக்க முடியல.”

தம் மனைவி, எங்கள் அத்தை, இறந்த நாளிலிருந்து மாமாவும் முன்வரிசையை விட்டுவிட்டுக் கதவோரமாகத்தான் உட்காருகிறார். காற்று வரும் என்று காரணம் சொல்வார். நாங்களும் நம்பினோம். அண்ணன் பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாராம்.

கடைசியில் மாமாதான் பேசினார். “கதவுப்பக்கம் என் பெஞ்சுல எடம் இருக்கு. வர்ற ஞாயிறு வா. குடிக்காம வா.”

ஜோசப் வந்தார். மகளின் திருமணமும் ஆலயத்திலேயே நடந்தது. இடையிடையே அவர் சறுக்கியதும் உண்டு. அப்போதெல்லாம் மாமாவே புந்தோங்குக்குப் போய் அவரை அழைத்து வந்தார். தாம் செய்தது ஒரு டீ குடித்தது மட்டும்தான் என்று அண்ணன் கடைசிவரை சாதித்தார்.

அண்ணனின் சிறுநீரகம் பழுதான பிறகு, மருத்துவமனையில் அவரைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்ட தாதியருக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும், கோயில் திருநீற்றோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புந்தோங் நண்பர்களுக்கும், எங்கள் போதகருக்கும் சபைக்கும் இந்தக் குடும்பம் நன்றி சொல்கிறது. அடக்க ஆராதனையில் டோலக் வாசித்த சகோதரர் ஜோசப்புக்குத் தனியாக நன்றி. அண்ணா, உங்களை நினைக்காத நாளில்லை.

போன வாரம் மாமா தம் மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலில் அவரிடம் புகாரோடு வந்த ஒரு சபைக்காரர் தயங்கித் தயங்கி நின்றார். மாமா அண்ணியிடம் அந்த இரண்டாவது ஹெல்மெட்டைக் கேட்டார். அண்ணி அதைத் துடைத்துக் கொடுத்தார்.

“முனையிலேயே ஹார்ன் அடிச்சிருங்க மாமா” என்றார்.