ஆரஞ்சின் உள்ளுறை

ஆறாம் வகுப்பில் என் அறிவியல் நோட்டில் விழுந்த ஒரு பெருக்கல் குறியால், கல்கத்தாவில் எங்கள் பெஹாலா வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழங்களின் வெளியுறை, நடுவுறை, உள்ளுறை மூன்றையும் வரைந்து பெயர் எழுதச் சொல்லியிருந்தார்கள். அம்மா கல்யாணத்துக்கு முன் திருச்சியில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். ஓர் ஆரஞ்சைக் குறுக்காக வெட்டிக் காட்டினாள். மாம்பழத்தில் விதையைச் சுற்றிய கெட்டி ஓடுதான் உள்ளுறை, நாம் தின்பது நடுவுறை. ஆரஞ்சில் சுளையை மூடிய மெல்லிய சவ்வே உள்ளுறை. அதிலிருந்து உள்பக்கமாக முளைத்த முடிகள்தான் சாறு நிரம்பி நிற்கின்றன, அதனாலேயே ஆரஞ்சைத் தனி வகைக் கனியாக வைத்திருக்கிறார்கள் என்றாள். முடியைத் தின்கிறோம் என்பதில் எனக்கு ஒரே குஷி. அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

மிஸ் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளுறை என்றால் கெட்டியாகத்தான் இருக்கும் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அம்மா என்றேன். "ஓ, அம்மாவா" என்று அடுத்த நோட்டை எடுத்தார். அந்த 'ஓ'வை வீட்டில் அப்படியே ஒப்பித்தேன்.

மறுநாள் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு மார்க்குக்காகப் போய் மானத்தை வாங்காதே என்றார் அப்பா, இட்லியிலிருந்து தலை நிமிராமல். அம்மா பையில் ஓர் ஆரஞ்சைப் போட்டுக்கொண்டாள்.

தலைமை ஆசிரியையின் மேசையில் சுளையைப் பிரித்து, சவ்வைக் கிழித்து, அரைகுறை வங்காளத்தில் விளக்கினாள். மிஸ் பழத்தின் பக்கமே திரும்பவில்லை. புத்தகத்தில் அப்படி இல்லை என்றார். தலைமை ஆசிரியை மிகவும் மரியாதையாக, அம்மா எந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள் என்று விசாரித்தார். எங்கேயும் இல்லை என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

சாயங்காலம் பாங்கிலிருந்து வந்த அப்பா, மார்க் கிடைத்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"திருச்சி காலேஜ் வேலையை வேண்டாம்னு சொல்லச் சொன்னது நீங்கதானே?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த கதையை ஆரம்பித்தார். அம்மா முழுதும் கேட்காமல் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவமானப்பட்டது நான். இவர்கள் எதற்கு, நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஏதோ ஒரு வேலையை இழுத்துவைத்துச் சண்டை போட வேண்டும்? கதவைப் படபடவென்று தட்டினேன்.

"அப்ப என் மார்க்கு?"