பத்து மில்லியும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்திராணி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் லண்டன் மோர்டனில் என் வீட்டுக் குசினியில் இருமல் மருந்துப் போத்தலை நேரே வாயில் கவிழ்த்துக்கொண்டு நின்றேன். அளவு மூடி கழுவும் தொட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துக் கழுவப் பஞ்சி, சோம்பல். செய்யாதீர்கள் என்று இருபது வருடத்துக்கு மேலாக அக்கா என்னைக் கெஞ்சியும் திட்டியும் சொல்லிவந்த காரியம் இதுதான்.

தொலைபேசியில் அவருடைய கணவர் தேவன் அண்ணை. "இந்திரா போயிட்டா, தம்பி. காலையில கடை திறக்கப் போனவ, ஹார்ட்" என்றார். வாயில் இருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் விழுங்கிவிட்டேன். பிறகு அழுகை வந்தது. அழுதுகொண்டே எத்தனை மில்லி உள்ளே போயிருக்கும் என்றும் கணக்குப் பார்த்தேன். அக்கா பார்த்திருந்தால் என் அழுகையை விடக் கணக்கைத்தான் மெச்சியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்திராணி அக்கா மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். மருந்தியல் படிக்க லண்டன் வந்து, படிப்பு முடிந்தும் திரும்பிப் போகாமல், மோர்டன் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சிறிய மருந்துக்கடை ஒன்றை நடத்தியவர். எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் அவருக்கு ஆரம்பத்தில் பாதிதான் விளங்கியது. அவருடைய 'லா' போட்ட தமிழ் எங்களுக்கும் அப்படியே. ஆனால் அவரைவிடப் பத்து வயது மூத்த மனுசரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதுக்காக அல்ல, பயத்தில்.

நான் முதன்முதலில் போனது ஒரு சனிக்கிழமை. நெஞ்சு கரகரவென்று இரைந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் கோயிலில் அடிக்கடி காணும் இரண்டு அம்மாமார்.

"அக்கா, நல்ல ஸ்ட்ரோங்கான இருமல் மருந்து ஒண்டு தாங்கோ."

"சளி வருதா, வறட்டு இருமலா?"

"சளிதான்."

"என்ன கலர்?"

பின்னால் இருந்த அம்மாமார் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "மஞ்சள்" என்றேன்.

"கேக்கல லா."

"மஞ்சள்."

"ரத்தம் கலந்து வருதா? மூச்சு வாங்குதா? பிரஷர் இருக்கா?"

முதல் இரண்டுக்கும் இல்லை என்றேன், அது உண்மை. மூன்றாவதற்கும் இல்லை என்றேன், அது பொய். எனக்குப் பிரஷர் என்று அந்த அம்மாமாருக்குத் தெரிந்தால் நாளைக்கே அது விம்பிள்டன் வரை போகும், என் மகளின் கலியாணப் பேச்சில் ஒரு குறையாக வந்து நிற்கும் என்று பயந்தேன். மகளுக்கு அப்போது வயது ஆறு.

அக்கா ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்குள்ள ரெண்டு பேர் குடியிருக்காங்க. ஒருத்தர் சளியை இளக்கிவிடுவார், நீங்க இருமித் துப்பலாம். இன்னொருத்தர் மூக்கடைப்பைத் திறப்பார். ஆனா அவர் பிரஷரையும் ஏத்திவிடுவார். உங்களுக்குத்தான் பிரஷர் இல்லையே?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பற்பசை விளம்பரத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் போத்தலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, சளியை இளக்குகிறவர் மட்டும் தனியாகக் குடியிருக்கும் இன்னொன்றைத் தந்தார். "பத்து மில்லி. இந்த மூடியில அளந்து. சூப் கரண்டி வேணாம். குடிச்சதும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணி." தண்ணீரை மட்டும் இரண்டு தரம் சொன்னார். நான் அதை ஒருநாளும் குடித்ததில்லை.

அடுத்த குளிர்காலம் என் வாழ்க்கையில் அழியாத அவமானம் நடந்தது. எங்கள் சனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சென்னைக்கு யார் போனாலும் சூட்கேசில் சேலைகளுக்கு நடுவே இரண்டு மூன்று இருமல் மருந்துப் போத்தல் சுற்றி வரும். லண்டன் மருந்து பச்சைத்தண்ணி, இந்திய மருந்துதான் கேட்கும் என்பது எங்களுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அப்படி வந்த போத்தல் ஒன்றை மனைவி பவானியின் தங்கை எனக்குத் தந்தாள்.

அன்று கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு. அறிவிப்பாளர் நான். குரல் கரகரக்கக் கூடாதென்று காலையில் சென்னை மருந்து இரண்டு மூடி, அதற்குமேல் லண்டன் மருந்து ஒரு மூடி, மூக்கு ஒழுகாமல் இருக்கத் தடிமன் குளிசை, அதாவது ஜலதோஷ மாத்திரை, இரண்டு. மேடை ஏறியதும் கை நடுங்கத் தொடங்கியது. கையில் இருந்த பெயர்ப்பட்டியல் விசிறி மாதிரி ஆடியது. நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "தம்பி சரியா உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்றார். சபை கைதட்டியது.

கைதட்டாமல் இருந்தவர் இந்திராணி அக்கா ஒருவர்தான். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன குடிச்சீங்க?"

மைக் திறந்திருந்தது. நான் சொன்ன முழுப் பட்டியலும் மண்டபத்துக்குக் கேட்டது.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"ஓம் அக்கா."

அந்த இரண்டு அம்மாமாரும் நாலாவது வரிசையில் இருந்தார்கள்.

மறுநாள் வீட்டில் இருந்த இருமல், தடிமன் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஏழு தேறியது. வரிசையாக அடுக்கினார். சென்னைப் போத்தலுக்குள் மூன்று பேர் இருந்தார்களாம், அதில் ஒருவர் மூச்சுக்குழாயை விரிப்பவர். கையை நடுங்கவைத்தது, நெஞ்சை ஓடவைத்தது அவர். லண்டன் மருந்தில் சளியை இளக்கியவரேதான் சென்னையில் இருந்தும் வந்திருந்தார். குளிசைக்குள் இருந்தவரோ அக்கா முதல் நாளே எனக்குத் தராமல் உள்ளே வைத்த மூக்கடைப்புக்காரரின் தம்பி. "பேர் வேற, ஆள் ஒண்ணு. லேபிளைத் திருப்பிப் பார்க்காம யாரையும் வீட்டுக்குள்ள விடாதீங்க. ஒரு நேரத்துல ஒரு மருந்து. உங்க ஆஸ்பத்திரி மருந்து என்னன்னு எனக்கு உண்மையைச் சொல்லணும்" என்றார். திட்டவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

எனக்குச் சுட்டால் நான் எழுதுவேன். கோயில் இதழில் 'மூடி அக்கா' என்று அவரைக் கிண்டல் செய்து ஒரு பகிடிக் கட்டுரை எழுதினேன். இதழ் வந்த அன்றே கூப்பிட்டார். கோபிக்கப் போகிறார் என்று மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கட்டுரையில் ஒரு வரியின்கீழ் சிவப்புக் கோடு போட்டிருந்தார். "மத்ததெல்லாம் நல்லா சிரிச்சேன் லா. ஆனா இங்க 'ரெண்டு மூடி'ன்னு போட்டிருக்கீங்க. யாராவது படிச்சிட்டு ரெண்டு மூடி குடிச்சா?"

அவரே சொல்லச்சொல்ல நான் எழுதிய திருத்தம் அடுத்த இதழில் வந்தது. 'சென்ற இதழில் இரண்டு மூடி என்று வந்தது தவறு. அம்மருந்தின் அளவு பெரியவர்களுக்கு ஒரு வேளைக்குப் பத்து மில்லி. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேறு, போத்தலில் உள்ளதைப் படிக்கவும். எழுத்தாளரை நம்ப வேண்டாம்.' நான் எழுதியவற்றில் சனங்கள் வெட்டி எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியது இது ஒன்றைத்தான்.

மூன்று வருடத்துக்கு முந்திய மாசிமாதம் வேறு மாதிரி. இருமல் நாலாவது வாரத்தில் இருந்தது. அதே மருந்தின் மூன்றாவது போத்தல் கேட்டுப் போனேன். அக்கா தரவில்லை.

"மூணு வாரம் தாண்டினா இது மருந்துக்கடை வேலை இல்ல. டாக்டரைப் பாருங்க."

"எனக்கு நேரமில்லை அக்கா. இதைத் தாங்கோ."

"வாசப்படி ஏறி வரும்போது மூச்சு வாங்கினீங்க. நான் பார்த்தேன். தர மாட்டேன்."

"லண்டனிலை வேற கடை இல்லையோ?"

"இருக்கு. ஆனா அங்கயும் உங்க நெஞ்சைத்தானே கொண்டு போவீங்க?"

நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். இருபது வருடப் பழக்கம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ட்ராமில் ஏறிப் போய் வேறிடத்தில் ஒரு போத்தல் வாங்கி வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தால் பவானி கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அக்கா தொலைபேசி எடுத்திருக்கிறார். என் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "உங்க வீட்டுக்காரர் என்மேல கோபமா போறார். அவரை இன்னைக்கே யாராவது டாக்டர்கிட்ட கூட்டிப் போனா நல்லா இருக்கும்" என்றது மட்டும்தான்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது. நியூமோனியா. இன்னும் சில நாள் போத்தலோடு சமாளித்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா வந்தார், கையில் ஒரு ஃபிளாஸ்க். என்ன கதைப்பதென்று தெரியாமல், "மருந்து கொண்டுவந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"சுடுதண்ணி. இருபது வருஷமா நீங்க குடிக்காத தண்ணி." ஊற்றிக் கையில் தந்துவிட்டு, முழுவதும் குடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். மன்னிப்பை மறுபடி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சொல்ல வாயெடுக்க, "குடிங்க முதல்ல" என்றார். பிறகும் சொல்லவில்லை. இப்போது இங்கே சொல்லிக்கொள்கிறேன், அக்கா.

தகனத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் யாரோ நெஞ்சு அதிர இருமினார்கள். ஒரு கணம் எல்லாத் தலையும் முன்னே பெட்டி இருந்த பக்கம் திரும்பியது, என்ன கலர் என்று கேட்பார் போல. கேட்கவில்லை. அப்போதுதான் அவர் போய்விட்டார் என்பது எனக்கு உறைத்தது. நல்லபடியாகப் போய் வாருங்கள், அக்கா. மூடியைக் கழுவி வைத்துவிட்டேன்.

அதோடு முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அன்று பின்னேரம் அவர்கள் வீட்டில் எனக்கும் இருமல் வந்தது. "அக்காவின்ரை அலுமாரியிலை ஒரு போத்தல் இருக்குமே, அண்ணை?" என்று கேட்டேன். தேவன் அண்ணை கேத்தலைப் போட்டுவிட்டு ஒரு தேன் போத்தலை எடுத்து வைத்தார்.

"இந்த வீட்டுல அந்த மருந்தே கிடையாது தம்பி. அவ ஒரு மூடி குடிச்சு நான் பார்த்ததில்ல. 'முக்காவாசி இருமல் தானா போயிடும் லா. வெறும் தண்ணி குடிங்கன்னு சொன்னா கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போவாங்க. அதான் பாட்டிலோட சேர்த்துச் சொல்றேன்'ம்பா."