எலிகளுக்கு மட்டும்

பத்திரிகையில் அறிவியல் பக்கம் எழுத ஆரம்பித்தபோது எனக்குத் தலைநிறைய முடி இருந்தது. இப்போது முடியும் இல்லை, பக்கமும் அரைப்பக்கமாகிவிட்டது. அதிலும் விளம்பரம் வந்துவிட்டால் கட்டுரையை அடியிலிருந்து வெட்டுவார்கள். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். ‘இது எலிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த மருந்து’ என்ற வரி பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். கத்திப் பார்த்து அலுத்துப்போய், அதை மேலே ஏற்றி எழுதப் பழகிக்கொண்டேன். போன மாதம் ஒரு கட்டுரையில் அங்கிருந்தும் தூக்கிவிட்டார்கள்.

“ரெண்டாவது பாராவுலயே எலின்னு சொல்லிட்டா அப்புறம் எவன் சார் படிப்பான்?” என்றார் பக்கத்தின் பொறுப்பாசிரியர். நான் சண்டை போடவில்லை. அந்தத் தெம்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. பையை எடுத்துக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கட்டுரைக்கு வைத்த தலைப்பு: ‘கை நடுக்கம் இனி இல்லை!’

சென்னையை ஒட்டிய அண்ணனூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் கீழ்வீட்டு அண்ணனுக்கு அந்த நடுக்க நோய்தான். பக்கத்தில் பாடி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். வானத்தையாவது யாரும் அரைப்பக்கமாக்க முடியாது என்று வாங்கியது; புழுதியும் தெருவிளக்கும் சேர்ந்து அதையும் செய்துவிட்டன. சனியைக் காட்டினால் குடியிருப்பில் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். வியாழன் என்றால் குரு பகவான் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். அண்ணன் மட்டும் எதைக் காட்டினாலும் பார்ப்பார். அவர் கை பட்டால் குழாய் ஆடி, கிரகம் கண்ணிலிருந்து தப்பிவிடும். அதனால், “நான் தொடல நைனா, நீயே திருப்பு” என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

கட்டுரை வந்த வாரம் அவர் மனைவி, கத்தரித்த தாளோடு படியேறி வந்தார்.

“நீங்க எழுதனதுதானே சார்? இந்த மருந்து எங்க கெடைக்கும்னு சொல்லுங்க. சென்ட்ரலாண்டன்னாலும் போயி வாங்கிகினு வந்துர்றேன்.”

“அக்கா, அது எலிக்குக் குடுத்துப் பாத்தது. மனுஷங்களுக்கு ஒத்துவருமான்னே இன்னும் தெரியாது. நான் எழுதியிருந்தேன், பேப்பர்ல எடுத்துட்டாங்க.”

திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தாளைப் பத்திரமாக மடித்தார்.

“அவராண்ட சொல்லிடாதீங்க சார். இத்த படிச்சதுலேர்ந்துதான் மனுஷன் ஒயுங்கா சாப்புடுறாரு.”

அன்று சாயங்காலமே அண்ணன் மாடிக்கு வந்தார். ரயில் பணிமனை விளக்குகளுக்கு மேலே வியாழன் ஏறியிருந்தது. பார்த்து முடித்தவர், பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டார். விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

“மருந்து வந்துட்சின்னா இத்த நானே திருப்புவேன்ல, நைனா?”

எலி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருடம் ஆபீசில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

“திருப்பலாம்ண்ணே” என்றேன். இந்த முறை அந்த வரியை வெட்டியது நான்தான்.