ஒயின் ஊற்றக் கூடாத ஒயின் ஜாடி

பழைய மண்பாண்டங்களைச் சுத்தம் செய்து பாதுகாக்கும் கன்சர்வேட்டர் நான். அமெரிக்காவின் பிளானோ நகரில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் ராஜன் சார், ஏலத்தில் எடுத்த புராதன கிரேக்க ஒயின் ஜாடி ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தார். வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கப் போனபோது, சனிக்கிழமை பார்ட்டியில் அதிலேயே ஒயின் ஊற்றிப் பரிமாறப் போவதாகவும், ஜாடியைப் பக்குவமாகக் கையாள நானும் வர வேண்டும் என்றும் சொன்னார்.

அது தாங்காது என்று எனக்குத் தெரியும். கைப்பிடி எப்போதோ உடைந்து, யாரோ அனிமல் க்ளூ வைத்து ஒட்டியிருந்தார்கள். ஈரம் பட்டால் இளகிவிடும் பசை அது. பிரித்து மறுபடி ஒட்டலாம் என்று முதலிலேயே கெஞ்சினேன். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். இப்போதும் வேண்டாம் சார் என்றேன். மேலே சொல்வதற்குள் அவர் முகம் கனிந்துவிட்டது.

“அய்யோ, சாரி ஷமீமா. நீங்க முஸ்லிம், எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க. நீங்க அன்னைக்கு வரவே வேணாம். நான் வேற ஆள வெச்சு மேனேஜ் பண்ணிக்கிறேன்.”

நல்ல மனுஷர், மனசாரத்தான் சொன்னார். நான் தலையாட்டியிருந்தால் போதும், அவருடைய மற்ற ஜாடிகளும் என்னிடமே வந்திருக்கும். இந்த ஜாடி சனிக்கிழமை தரையில் சிதறியிருக்கும். அதோடு, தொழில் தெரிந்து சொன்னதை மதமாக்கிவிட்டாரே என்று கோபமும் வந்தது.

“சார், நீங்க பச்சத் தண்ணி ஊத்துனாலும் வேணாம்னுதான் சொல்வேன். கைப்பிடி கையோட வந்துரும்.”

எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, பொருள் என்னுடையது என்று அவர் இறுகிப்போனார். இந்த வாடிக்கை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் விடவில்லை. கிரேக்கர்கள் ஒயினை அப்படியே குடிப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்தவர்கள். பெரிய தொட்டியில் தண்ணீரோடு கலந்து, இந்த மாதிரி ஜாடியால் முகந்து கிண்ணங்களில் ஊற்றுவார்கள். அதை அப்படியே செய்து காட்டுங்கள், தெரிந்த குயவரிடம் இதே வடிவத்தில் புது ஜாடி இருக்கிறது, அசல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும் என்றேன். யோசித்து, அரை மனதாக ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை நானும் போனேன். புது ஜாடியால் அவர்தான் முகந்து ஊற்றினார். ஊற்ற வாகாக நெளித்துவிட்ட ஜாடி வாய் வழியே ஒயின் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் விழுந்ததும் அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அசலில் ஏன் ஊற்றவில்லை என்று ஒரு அம்மா கேட்டார். ராஜன் சார் என் பக்கம் கைகாட்டினார். அந்த அம்மா என் தலை முக்காட்டைப் பார்த்துவிட்டு, புரிந்தது என்பதுபோல் தலையசைத்தார்.

“அதுக்கில்லங்க,” என்றார் ராஜன் சார். “ஜாடி தாங்காதுன்னு சொன்னாங்க. அவங்களுக்குத்தான் தெரியும்.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யாராவது பெரிய மனதோடு உங்களை விலக்கிவிட்டால், நன்றி சொல்லுங்கள், ஆனால் காரணத்தைத் திருத்திவிட்டுப் போங்கள். உங்கள் மதத்தைப் பார்த்துக் கிடைத்த மரியாதையை வேலைக்குக் கிடைத்ததாக எண்ணி ஏமாந்துவிடாதீர்கள்.