கேள்விக்குறி போட்ட இரண்டு குழாய்கள்

நான் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த நான்கு வருடங்களில், என் அக்காவின் கணவர் நானூற்றுப் பன்னிரண்டு பூஞ்சைகளைப் பதினாறு முறை வீடு மாற்றியிருந்தார். திரும்பி வந்து அக்கா வீட்டில் பெட்டியை இறக்கிய அன்றும் அவர் அந்த வேலையில்தான் இருந்தார்.

மாமா ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை செய்கிறவர். நோயாளிகளின் சளியிலும் புண்ணிலும் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கண்டுபிடித்ததைத் தூக்கி எறியாமல் உயிரோடு வைத்திருப்பது, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. விரல் தடிமனில் கண்ணாடிக் குழாய். உள்ளே சாய்வாக உறைந்த கூழ். அதன்மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ வெல்வெட் துணி மாதிரி படர்ந்திருக்கும் பூஞ்சை. மூன்று மாதத்தில் கூழ் தீர்ந்துவிடும். அதற்குள் ஒரு துளி எடுத்துப் புதுக் குழாயில் வைக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தேதி வேறு என்பதால் வருடத்தில் எந்த வாரமும் காலி கிடையாது. அவர் நான்கு நாள் சேர்ந்தாற்போல் ஊரை விட்டுப் போனதில்லை.

"மத்தவளுக்கெல்லாம் ஒரு சக்களத்தி. எனக்கு நானூத்திப் பன்னெண்டு" என்பாள் அக்கா. மாமா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. அதில் ஒன்றாவது சமையலில் குறை சொன்னதுண்டா என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

அந்த வருடம் குழாய்களுக்கு ஆபத்து வந்தது. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த பெரிய டாக்டர், குழாய்கள் இருக்கும் அறை ஸ்கேன் இயந்திரத்தின் பேட்டரிகளுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஒரு வழியையும் அவரேதான் காட்டினார். பூஞ்சை நோய்களை எல்லா நாடுகளிலும் சீக்கிரம் கண்டுபிடிக்கவும், பரவாமல் தடுக்கவும் ஒரு பன்னாட்டு நிதி அறிவித்திருந்தார்கள். அது கிடைத்தால் ஆழ்குளிர்ப் பெட்டி வாங்கலாம். குழாய்கள் அதில் வருடக்கணக்கில் தூங்கும், தனி அறையே தேவைப்படாது. கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் அவித்துக் கொட்ட வேண்டியதுதான்.

விண்ணப்பத்தை நான் தட்டச்சு செய்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குக் கால் பரபரக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். அவள்தான் என்னை அதில் மாட்டிவிட்டாள். பழைய பூஞ்சைகளுக்கு என்ன மதிப்பு என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. மாமா நிதானமாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். பூஞ்சைக்கு இருக்கிற மருந்துகளே கொஞ்சம். அவற்றுக்கும் அடங்காத பூஞ்சை இப்போது பல நாடுகளில் தலைகாட்டுகிறது. அது நேற்று வந்ததா, பத்து வருடம் முன்பே இருந்ததா என்று தெரிய, அன்றைய பூஞ்சை இன்று உயிரோடு இருக்க வேண்டும். அவரிடம் அப்படி ஒன்று இருந்தது. எண் 209. எந்த மருந்துக்கும் மசியாமல் ஒரு கொத்தனாரின் நுரையீரலில் வளர்ந்தது.

ஆனால் அவருடைய பட்டியலில் 208, 209 இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறி இருந்தது.

ஏன் என்று கேட்டேன். ஒரு நேரத்தில் ஒரு குழாயைத்தான் திறப்பது அவர் பழக்கம். பழையதையும் புதியதையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். ஒன்பது வருடம் முன்பு ஒரு காலை, அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தபோது, அவசரத்தில் இரண்டை ஒன்றாகத் திறந்துவிட்டார். இரண்டும் ஒரே பச்சை. மூடும்போது எது எதில் போனது என்று நிச்சயமில்லை. பழைய குழாய்களும் அன்றே குப்பைக்குப் போய்விட்டன. எது எது என்று சோதித்துப் பார்க்கிற வசதி அந்த ஆய்வகத்தில் இல்லை.

"அப்போ பழி எம்மேலயா?" என்றாள் அக்கா, காய் நறுக்கிக்கொண்டே. ஒன்பது வயது மகள் தன்மேல்தான் என்று பெருமையோடு ஒப்புக்கொண்டாள்.

பெரிய டாக்டர் பட்டியலைப் பார்த்து முகம் சுளித்தார். நிதி கொடுப்பவர்கள் முதலில் தேடப்போவது 209 மாதிரி ஒன்றைத்தான், அதன்மேலேயே நாமே மண்ணள்ளிப் போடலாமா, குறியை எடுத்துவிடுங்கள் என்றார். மாமா பட்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எடுத்துடலாம் சார். ஆனா இந்த ரெண்டுல நான் பொய் சொன்னேன்னா, மீதி நானூத்திப் பத்தையும் யார் நம்புவா?"

டாக்டர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. முடிவு சொல்வதற்கு முன் அந்த இரண்டையும் தங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அங்கே மரபணுவைப் பார்ப்பார்கள்; மருந்துக்கு அடங்குகிறதா என்றும் சோதிப்பார்கள். மாமா மூன்றடுக்குப் பெட்டியில் பொதிந்து அனுப்பினார்.

சோதனை முடிவை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். குழாய்கள் இடம் மாறவில்லை. இரண்டிலும் இருந்தது ஒன்றே, மருந்துக்கு அடங்குகிற சாதாரணப் பூஞ்சை, 208. அன்று காலை இரண்டு புதுக் குழாய்களிலும் அதைத்தான் வைத்திருக்கிறார். 209 அன்றைக்கே குப்பையோடு போய்விட்டது.

"ஒன்பது வருஷமா ஒரே ஆளுக்கு ரெண்டு தட்டுல சோறு போட்டிருக்கேன்" என்றார் மாமா. சிரிப்பதற்காகச் சொன்னது போலிருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கொத்தனார் பிழைத்தாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டியலில் 209-க்கு நேரே, இழந்துவிட்டோம், தவறு என்னுடையது என்று எழுதித் தேதி போட்டார். அதை அன்றே அனுப்பச் சொன்னார்.

அதன்பின் பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. வருடக் கடைசி நெருங்கியது. பேட்டரிகள் வந்து இறங்கித் தாழ்வாரத்தில் நின்றன. மாமா அவற்றைச் சுற்றிக்கொண்டு போய், அன்றைய தேதிக்கு உரிய குழாய்களை வழக்கம்போல மாற்றினார். தூக்கி எறியப்போகிற சாமானுக்கு எதற்குப் புதுக் கூழ் என்று காவலாளி கேட்டிருக்கிறார். இன்னும் எறியவில்லையே என்றாராம்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. ஆழ்குளிர்ப் பெட்டிக்கு ஒப்புதல். நானூற்றுப் பதினொன்றையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: நிதி பெறும் மற்ற நாட்டு ஆய்வகக்காரர்களுக்கு, பூஞ்சைகளைக் காக்கும் முறை பற்றி அவர் காணொளியில் அரை மணி நேரம் பேச வேண்டும். மாமா மேடை ஏறியதே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால்தான் பேசுவேன் என்றார்.

திரையில் முப்பது நாற்பது முகங்கள். அவர்களில் சிலருடைய நாடுகளின் பேருந்து நிலையங்களில் நான் தூங்கியிருக்கிறேன். இப்படி ஒரு குழாயும் கையுமாக அங்கே யாராவது இருப்பார்கள் என்று நினைத்ததில்லை. மாமா வணக்கம் சொல்லிவிட்டு, முறையைப் பற்றி ஆரம்பிக்காமல், 209-ஐ எப்படித் தொலைத்தார் என்பதைச் சொன்னார். போன் வந்தது முதல் ஒன்றையும் விடவில்லை. நான் வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொன்னேன்.

 அவர் முடித்ததும், தலையில் வலைத்தொப்பி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். தன்னிடமும் எது எது என்று நிச்சயமில்லாத மூன்று குழாய்கள் இருப்பதாகவும், அவற்றுக்குத் தானே ஊகித்துப் பெயர் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னாள். யாருக்கும் தெரியாதாம்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். மாமா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"பரவாயில்லன்னு சொல்லு. அன்னைக்கு மேசைமேல வேற எந்தெந்தக் குழாய் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கான்னு கேளு."

அவள் யோசித்துச் சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன. அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது.