இரண்டு சே. அந்தோணியம்மாள்

எங்கள் பங்குத் தேவாலய மருந்தக சிஸ்டரின் போன் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். உப்புக்காற்று சார்ஜர் துளையைத் தின்றுவிடும் என்று அவருக்குப் பயம். கவருக்கு மேலேயே விரலால் தட்டித் தட்டி எழுதுவார். அதில் நான் செய்துகொடுத்த ஆப் இருந்தது. என் முதல் ஆப்.

மரக்காணம் உப்பளங்களில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்தவர்களுக்கு மருந்து போட சிஸ்டர் வாரம் ஒருமுறை வேனில் போவார். யாருக்கு என்ன கொடுத்தார், யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். நான் அப்போது கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன். இணையத்தில் ஒரு பாடம் படித்திருந்தேன்: சர்வர் வேண்டாம், நெட் வேண்டாம், முழு டேட்டாபேஸும் போனுக்குள்ளேயே ஒரு ஃபைலாக உட்கார்ந்துகொள்ளும். நாலு வரியில் டேபிள் தயார். ஆளுக்கு ஓர் அடையாளம் வேண்டும், அது இன்னொருவருக்கு இருக்கக் கூடாது என்றது பாடம். நம்பர் கொடுக்கச் சோம்பல்பட்டு, இனிஷியலோடு பெயரையே அடையாளமாக வைத்தேன். "நோட்ட உள்ள வச்சிடுங்க சிஸ்டர், இனிமே இதுதான்" என்று பெருமை வேறு.

அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற அந்தோணியம்மாள் எங்கள் பங்கில் வீட்டுக்கு ஒருத்தி உண்டு. இதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய எனக்கு அது தெரியாதா என்ன? சேவியர் மனைவி சே. அந்தோணியம்மாள். சேசுராஜ் மனைவியும் சே. அந்தோணியம்மாள்தான். சிஸ்டரின் நோட்டில் ஒருவர் 'ஓடைப்பக்கம்', மற்றவர் 'கோயில் பின்னால'.

இரண்டாமவரைப் பதிந்தபோது டேட்டாபேஸ் மறுத்தது. இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சிவப்பில் காட்டியது. சிஸ்டர் போனை நீட்டினார். "ஏம்பா, இது வாங்க மாட்டேங்குது." ஒரே ஆளை இரண்டு தடவை போடுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யார் பெயர் என்றுகூடக் கேட்கவில்லை. 'இருந்தால் பழையதை மாற்றி எழுது' என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்தேன். பிறகு அது முரண்டு பிடிக்கவில்லை. ஓடைப்பக்கத்து அந்தோணியம்மாளின் விவரம் அழிந்து அந்த இடத்தில் மற்றவர் வந்து உட்கார்ந்தார். ஊசி ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் அதோடு போயிற்று.

அடுத்த வாரம் ஓடைப்பக்கத்துக்காரருக்குக் காலில் சீழ். திரையில் அந்தப் பெயருக்குத் தடை ஒன்றும் இல்லை. சிஸ்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அந்தம்மா வரப்பிலேயே விழுந்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்தார்.

பங்குக் கூட்டத்தில் சிஸ்டர் எழுந்து நின்றார். "வாயால கேட்டிருக்கணும். நான் கேக்கல. என் தப்புதான்." ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை என்றால் அது பொய், மனம் வரவில்லை. சிஸ்டரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். நான் அதே ஆப்பைக் காட்டி ஒரு கம்பெனியில் வேலை வாங்கினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

போன மாதம் தாங்க முடியாமல் சிஸ்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்பா. அன்னிக்கே நோட்ட எடுத்துப் பாத்துட்டேன். எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அந்தம்மாகிட்ட சொன்னியா?"

ஞாயிறு பூசை முடிந்து ஓடைப்பக்கத்து அந்தோணியம்மாள் எதிரே வந்தார். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று, "இப்பவும் மூச்சு வாங்குதாங்க?" என்று ஆரம்பித்தேன்.

"வாங்காம என்னப்பா? அந்த சிஸ்டர் என்னயக் கொல்லப் பாத்துச்சே. உனக்குத்தான் தெரியுமே."

"ஆமாங்க" என்றேன்.