நான் வாசித்த சாவுச் செய்தி

“அண்ணை, பொம்பிளைப் பிள்ளையை இவ்வளவு தூரம் பள்ளிக்கூடம் அனுப்பி என்னத்தைக் காணப்போறாய்? உனக்கு வாற கடிதத்தை வாசிக்கவோ? உனக்கு ஆர் கடிதம் போடப்போறான்?”

இப்படிக் கேட்டவர் என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பது வருடங்களின் பின், அதே சித்தப்பாவின் சாவுச் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான்.

சித்தப்பா சாகவில்லை. செய்தி எதுவும் வரவும் இல்லை. நான் பொய் வாசித்தேன்.

இதுதான் என் குற்றம். சுற்றி வளைக்க எனக்கு விருப்பமில்லை. இவ்வளவும் போதும் என்பவர்கள் எழுந்து போகலாம். இருக்கிறவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு கிளிநொச்சியில், அக்கராயன் பக்கம், குளக்கட்டுக்குக் கீழே. அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சிறு வயதில் மாடு சாய்த்து மேய்த்தார். பிறகு வயல். வயல் வேலை இல்லாத மாதங்களில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா இரண்டு வருடம் படித்தவர். படித்ததை இடப்பெயர்வுகளில் தொலைத்துவிட்டார். கரண்ட் பில், மருந்துப் பெட்டியின் மேலுள்ள எழுத்து, கோயில் துண்டுப் பிரசுரம், பஞ்சாங்கம்... எல்லாம் நான் வாய் திறந்தால்தான் எங்கள் வீட்டில் பேசும். யாராவது ஒரு தாளை நீட்டினால் அப்பா சொல்வது ஒன்றுதான்: “பிள்ளை வாசிக்கட்டும்.” அதைச் சொல்லும்போது அவருடைய நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. அதை மறைக்கமாட்டேன்.

கொரோனாவின் இரண்டாவது வருடம். பல்கலைக்கழக வளாகத்தை மூடி எங்களை வவுனியாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விரிவுரைகள் தொலைபேசியில் நடந்தன. எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை. குளக்கட்டில் ஏறினால்தான் கிடைக்கும். காலையில் ஏறி, வெயில் சுடும்வரை இருப்பேன். இறங்கும்போது ஊருக்கான செய்திகளும் என்னோடு இறங்கும். எங்கே ஊரடங்கு, எந்தச் சந்தை மூடல், மரக்கறி லொறி எந்த ஒழுங்கைக்கு வரும்...

வாசல் படலையில் ஒரு பிளாஸ்டிக் தண்ணிக் கானைக் கட்டி, குழாய் பூட்டி, சவர்க்காரம் தொங்கவிட்டேன். பக்கத்தில் அம்மா வேப்பங்குலை கட்டினார், நான் தடுக்கவில்லை. மல்லித்தண்ணி குடித்தோம். ஆவி பிடித்தோம். வெளியே போய் வந்த உடுப்பைக் கிணற்றடியிலேயே நனைத்தோம். பக்கத்து வீட்டு மணியண்ணைக்கு இதெல்லாம் நக்கல்.

“உன்ரை சவர்க்காரத் தண்ணியிலை கழுவிக் கழுவி என்ரை கைரேகையே அழிஞ்சுபோச்சுது, பிள்ளை. இனி நான் ஆரெண்டு பொலிசுக்கும் தெரியாது.”

அவருடைய முகக்கவசம் எப்போதும் தாடியைத்தான் காத்தது. அப்பாவுடையது சட்டைப் பையை.

அந்த வைகாசியில், ஆலைக்கு வந்துபோன லொறிச் சாரதி ஒருவருக்குத் தொற்று என்றார்கள். மூட்டை தூக்கிய எல்லாருடைய மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். முடிவு வர நாளாகும், அதுவரை வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அப்பா இருமத் தொடங்கினார். ஐந்தாம் நாள் அம்மன் கோயில் பொங்கல்.

குளக்கட்டடியில் இருக்கும் சின்னக் கோயில். ‘வளந்து’ என்று நாங்கள் சொல்லும் பெரிய பானையில் பொங்கி, முதல் அகப்பையை அள்ளி ஒவ்வொருவர் கையிலும் வைப்பது அப்பாவின் குடும்பத்து உரிமை. அந்த வருடம் பதினைந்து பேருக்கு மட்டும் அனுமதி. எந்தப் பதினைந்து பேர் தெரியுமா? ஊரிலேயே வயது கூடியவர்கள்! மரியாதைக்காக அவர்களைத் தேர்ந்திருந்தார்கள். சீனி வருத்தக்காரர், இழுப்புக்காரர், நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்தவர்... பானையைச் சுற்றி நெருங்கியிருந்து பாடுவார்கள். அப்பா குனிந்து அள்ளுவார். இருமியபடி.

நான் கெஞ்சினேன். ஒரு இருமலின் துளி எவ்வளவு தூரம் போகும் என்று முற்றத்தில் காலடி வைத்து அளந்து காட்டினேன். அப்பா சிரித்தார்.

“இது நெல்லுத் தூசி இருமல். உங்களுக்குப் படிப்பிக்கிறவை நெல்லுத் தூசியைக் கண்டிருக்கமாட்டினம்.”

குளக்கட்டில் ஏறிப் பரிசோதகரை அழைத்தேன். களைத்த குரல். எப்படியாவது வீட்டில் வைத்திருங்கோ, முடிவு வந்ததும் வாறன் என்றார். அப்பா கோயில் பொங்கலில் அள்ளப்போவதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொங்கலையே நிறுத்தியிருப்பார். இன்னாருடைய மகள் அம்மன் பொங்கலை நிறுத்தினாள் என்று ஊர் கதைக்கும். அதற்குப் பிறகு அப்பா அந்த ஒழுங்கையால் தலை நிமிர்ந்து நடக்கமாட்டார். நானும்தான். இந்த இடத்தில் என் கோழைத்தனம் இருக்கிறது... அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவை நிறுத்தக்கூடியது எது? நான் படித்தது தோற்றுவிட்டது. பரிசோதகரின் சொல்லும் தோற்றுவிட்டது. மிஞ்சியது ஒன்றுதான்... துடக்கு!

தீட்டை நாங்கள் துடக்கு என்போம். சாவுத் துடக்குள்ள மனிதர் முப்பத்தொரு நாளைக்குக் கோயில் படி மிதிக்கமாட்டார். பொங்கலுக்கு விரதம் பிடித்திருக்கும் ஊரும் அவர் வீட்டுப் படலையைத் தாண்டாது. வளாகத்து மேடையில் துடக்கை எதிர்த்துப் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். மாதத்தில் மூன்று நாள் தனிப்பாயில் படு என்ற அம்மாவோடு சண்டை பிடித்து வென்றவள். நான் நம்பாத அந்த ஒன்றை, எனக்குத் தேவை வந்தபோது, கை கூசாமல் எடுத்தேன்.

யாரைச் சாகடிப்பது?

சித்தப்பா பிரான்சில் இருந்தார். அப்பா ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்து, அவருடைய கலியாணத்துக்கு நாளும் வைத்த பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய் அப்படியே கடல் கடந்தவர். எனக்குத் தம்பி செத்திட்டான் என்று அப்பா முற்றத்தில் நின்று ஊர் கேட்கச் சொன்னார். அதோடு ஒன்பது வருடம் பேச்சில்லை. ஊரில் வேறு ஒருவரோடும் சித்தப்பாவுக்குத் தொடர்பில்லை. முகநூலில் அவரைக் கண்டு வைத்திருந்தவள் நான் மட்டும். அந்தக் கிழமைகூட, ஒரு பூங்காவில், தன் சின்ன மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார்.

பொங்கலுக்கு முதல் நாள் காலை. குளக்கட்டிலிருந்து இறங்கி வந்தேன். அப்பா கிணற்றடியில், கோயிலுக்குக் கட்டும் வேட்டியை அலம்பிக்கொண்டிருந்தார். பிரான்சிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது, சித்தப்பாவோடு வேலை செய்பவர் அனுப்பியிருக்கிறார் என்றேன். வேட்டியைப் பிழியாமலே நிமிர்ந்தார்.

“வாசி.”

திரையில் இருந்தது, ஒப்படை சமர்ப்பிக்கும் கடைசித் திகதி பற்றிய வளாக அறிவித்தல். அதைப் பார்த்தபடி வாசித்தேன். உங்கள் தம்பி கொரோனா கண்டு வைத்தியசாலையில் இருந்தார்... நேற்று மோசம் போய்விட்டார்... உடலை அவர்களே எரித்துவிட்டார்கள்... அண்ணனுக்கு அறிவிக்கும்படி கடைசியாகச் சொன்னார்.

“இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன். ஒரு சொல் மாறவில்லை. அவ்வளவு நல்ல வாசிப்பு! இதற்காகத்தானா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, மாரி மழையிலும் பஸ் நிற்கும் இடம்வரை மிதித்தார்?

அம்மா குழறி அழுத சத்தம் ஒழுங்கை முழுதும் கேட்டது. அப்பா அழவில்லை. வேட்டியைப் பிழிந்தார். கொடியில் போடாமல், ஈரத்தோடு மடித்து அலுமாரிக்குள் வைத்தார். மணியண்ணை படலைக்கு வெளியே நின்று விசாரித்துவிட்டுக் கோயிலுக்குச் செய்தி கொண்டு போனார். அன்று அவருடைய முகக்கவசம் மூக்கில் இருந்தது.

பொங்கல் அப்பா இல்லாமல் நடந்தது. வேறொருவர் அள்ளினார். மறுநாள் முடிவு வந்தது. அப்பாவுக்குத் தொற்று. பிறகு அம்மாவுக்கும் எனக்கும். எங்களுக்குக் காய்ச்சலோடு போனது. அப்பாவைப் பதினெட்டு நாள் ஒட்சிசனில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தார். மூச்சு முன்போலத் திரும்பவில்லை.

கோயிலில் இருந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கும்! இன்றும் அவர்களில் யாராவது சந்திக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, என்னைக் கண்டால், கம்பஸ் பிள்ளை போகுது என்கிறார். நான் தலை நிமிர்ந்துதான் போகிறேன். அந்த மனிதர் இருமாமல் வெயிலில் இருக்கிறாரே... அதில் என் பங்கு இருக்கிறது. நீங்கள் அந்தக் கிணற்றடியில் நின்றிருந்தால் என்ன வாசித்திருப்பீர்கள்? சொல்லுங்கள்!

ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை.

முடிவு வந்த அன்றே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அம்புலன்ஸ் வந்து படலையில் நின்றது. ஏறுமுன் அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“நான்தானே சொன்னனான், எனக்குத் தம்பி செத்திட்டான் எண்டு. என்ரை வாய் பலிச்சிட்டுது.”

மூச்சு வாங்குகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளினேன். வீட்டுக்கு வந்த பிறகு, உடம்பு தேறட்டும் என்று தள்ளினேன். முப்பத்தோராம் நாள் குளத்தில் தோய்ந்தார். எழும்பும்போது தண்ணீரோடு தண்ணீராக அழுதார். கரையில் துவாயோடு நின்ற நான் பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

உடம்பு தேறியபோது, சித்தப்பாவின் இருபத்திரண்டு வயதுப் படம் பெரிதாக்கப்பட்டு, மாலையோடு சுவரில் தொங்கியது. கிளிநொச்சி ஸ்டூடியோவுக்கு அதைக் கொண்டுபோனவளும் நானே! திவசத்துக்குப் பஞ்சாங்கம் விரித்துத் திதி வாசித்தவளும் நானே! உயிரோடிருக்கும் ஒருவருக்கு என் தகப்பன் மூன்று வருடமாகப் பிண்டம் வைக்கிறார். ஐயர் போன பிறகு படத்தின் முன் நின்று மெல்ல ஏதோ சொல்கிறார். தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று அம்மா சொன்னார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏன் சித்தப்பா? பிடிபட வழியில்லை என்பதால் என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. அந்த இரண்டாம் வாசிப்பின்போது என் மனதில் ஒரு சின்ன இனிப்பு இருந்தது. உனக்கு ஆர் கடிதம் போடப்போறான் என்று கேட்டவரே... பாரும், உம்முடைய சாவையே நான் வாசிக்கிறேன்! பதினைந்து கிழவர்களைக் காத்த பொய்யில் இதுவும் கலந்து கிடந்தது. எவ்வளவு கலந்திருந்தது? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

போன மாதம் சித்தப்பாவே முகநூலில் எழுதினார். என் பட்டமளிப்புப் படத்தைக் கண்டாராம். நீ அண்ணையின் மகள்தானே, அண்ணை சுகமாக இருக்கிறாரா என்று இரண்டு வரி. இரண்டு கிழமை பதில் போடவில்லை. பிறகு ஒரு நாள் குளக்கட்டில் நின்று அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்... வேட்டி, வாசிப்பு, படம், பிண்டம். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் திருப்பிச் சொல்ல என்னிடம் பதினைந்து பேர் இருந்தார்கள்.

சித்தப்பா கேட்டது ஒன்றுதான்.

“அண்ணை அழுதவரோ?”

ஓம் என்றேன். திருப்பிச் சொல்ல வைத்திருந்த எதுவும் எனக்கு உதவவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கிறேன், அண்ணையிடம் கொடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா வயலைப் பார்த்துவரப் போயிருக்கிறார். சாப்பாட்டுக்கு வருவார். சித்தப்பாவின் குரல் சொல்லும்வரை விடமாட்டேன். அதற்கு முன் நானே சொல்வேன். என் கையில் தொலைபேசி இருக்காது. பார்த்து வாசிக்க ஒன்றும் இருக்காது. அப்பா என்ன செய்வார்? அடிக்கமாட்டார். அடித்தால் நல்லது. இனி ஒரு தாள் வரும்போது, பிள்ளை வாசிக்கட்டும் என்று சொல்லாமல், அதை மணியண்ணையின் மகனிடம் நீட்டுவார்... எனக்குத் தெரிந்த தண்டனைகளில் பெரியது அதுதான். அதற்காக, கோயிலுக்குப் போகவிட்டிருக்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் முகத்தைப் பார்த்தும் சொல்லமாட்டேன்.

காலையிலேயே மாலையைக் கழற்றிப் படத்தை இறக்கிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோலத் தெரிகிறது. அம்மா பார்த்தார். ஏன் என்று கேட்டார். அப்பா வரட்டும் என்றேன்.

அப்பாவால் இப்போது கனநேரம் நிற்க முடியாது, மூச்சு வாங்கும். அதனால் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய், குளக்கட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில், நிழல் பார்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.